பழைய ராணுவ ரைஃபிள் அசலா, ஒட்டுப்போட்டதா? அறிகுறி பார்த்து முடிவெடுக்கும் வழி

"பாகங்களில் குத்திய வரிசை எண்கள் எல்லாம் ஒத்துப்போகின்றனவாம், வாங்கலாமா?" என்று படம் அனுப்பிக் கேட்பவர்களுக்கு ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதிச் சலித்துப்போய் இதை எழுதுகிறேன். சந்தேகம் என்று என் கைக்கு வந்த துப்பாக்கிகளில் முழுப் போலி குறைவு. பெரும்பாலானவை போருக்குப் பிறகு ஏதோ ஒரு நாட்டின் ராணுவப் பட்டறையில் பிரிக்கப்பட்டு, கழுவப்பட்டு, கைக்குக் கிடைத்த பாகங்களோடு மறுபடி பூட்டப்பட்டவை. அவற்றில் குற்றம் ஒன்றும் இல்லை. அவற்றை "தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது" என்று விற்பதில்தான் குற்றம் இருக்கிறது. ஆகவே எந்த அறிகுறியைக் கண்டாலும் முதலில் பட்டறையைச் சந்தேகியுங்கள், அடுத்து முந்தைய உரிமையாளரை, மோசடிக்காரனைக் கடைசியில்.

கை வைக்கும் முன்

காலியாகத்தான் இருக்கிறது என்று யார் சத்தியம் செய்தாலும், போல்ட்டை (தோட்டா அறையை மூடும் உலோகத் தண்டை) திறந்து தோட்டா அறையையும் மேகசினையும் கண்ணால் பார்த்து, சுண்டுவிரல் நுனியால் தொட்டு உறுதிசெய்த பிறகே மற்ற வேலை. சுட்டுப் பார்ப்பது சோதனை முறை ஆகாது. உரிமம், பதிவு, செயலிழக்கச் செய்த சான்று ஆகியவற்றில் உங்கள் நாட்டுச் சட்டம் எதைக் கேட்கிறதோ, அது கைமாறும் முன்பே தெளிவாக இருக்கட்டும்.

கருவிகள் அதிகம் தேவையில்லை. பத்து மடங்கு உருப்பெருக்கி, சிறிய டார்ச், காந்தம், புற ஊதா டார்ச், ஒரு ஸ்டீல் ஸ்கேல், திருகாணித் தலையின் பள்ளத்தில் ஆடாமல் உட்காரும் திருப்புளி. பொருந்தாத திருப்புளியால் உங்கள் கையாலேயே ஒரு புதுக் கீறலை உண்டாக்கிவிடாதீர்கள். கழற்றுவதற்கு உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். அவர் தயங்கினால் அதையும் குறிப்பேட்டில் ஓர் அறிகுறியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: காந்தம் ரிசீவரில் ஒட்டவில்லை

ரிசீவர் என்பது குழலும் போல்ட்டும் பொருந்தும் உடல். அதில் காந்தம் ஒட்டாவிட்டால் துத்தநாகக் கலவையில் வார்த்த காட்சிப் பொம்மை. வேலை முடிந்தது.

அறிகுறி: பாகங்களின் எண்கள் ஒத்துப்போகவில்லை

*இந்த ரகத்தில் பாகங்களுக்கு எண் குத்தும் வழக்கமே உண்டா?*

இல்லை என்றால் கேள்வியே தவறு. அமெரிக்க எம்1 கேரண்டிலும் ஸ்பிரிங்ஃபீல்டு 1903லும் வரிசை எண் ரிசீவரில் மட்டுமே இருக்கும். "எண்கள் எல்லாம் ஒன்று" என்று ஒருவர் கேரண்டை விற்றால், ஒன்று அவருக்குத் துப்பாக்கி தெரியாது, அல்லது நமக்குத் தெரியாது என்று நினைக்கிறார். கேரண்டின் பாகங்களில் இருப்பவை வரைபட எண்கள். ஒரே வகைப் பாகத்தின் ஆயிரக்கணக்கான பிரதிகளில் அதே எண்தான் இருக்கும். அங்கே பார்க்க வேண்டியது வேறு. போல்ட்டைப் பின்னால் இழுத்து நிறுத்தினால் குழலின் வலப்பக்கத்தில் மாதமும் ஆண்டும் தெரியும். ரிசீவர் எண் எந்த மாதத்துக்கு உரியதோ, அதற்குச் சற்று முன்னதாக அந்தத் தேதி இருந்தால் சரி. 1943ஆம் ஆண்டு ரிசீவரில் 1952ஆம் ஆண்டுக் குழல் இருந்தால் குழல் பின்னால் மாற்றப்பட்டது, அவ்வளவுதான்.

*எண் குத்தும் ரகம்தான், ஆனால் சில பாகங்களில் எண்ணே இல்லை.*

ஜெர்மனியின் மவுசர் 98கே என்றால் முதலில் ஆண்டைப் பாருங்கள். போரின் தொடக்கத்தில் திருகாணித் தலைகளில்கூட எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைக் குத்தினார்கள். 1944, 1945இல் அவசரம் தலைக்கு மேல் போய், சிறு பாகங்களை எண் இல்லாமலே பூட்டி அனுப்பினார்கள். கடைசிக் கட்டத் துப்பாக்கியில் வெறுமை இயல்பு. 1938ஆம் ஆண்டுத் துப்பாக்கியில் வெறுமை இருந்தால் அது மாற்றுப் பாகம்.

*பழைய எண் கோடு போட்டு அடிக்கப்பட்டு, பக்கத்தில் புது எண் இருக்கிறது.*

பட்டறை வேலை. நிம்மதியாகத் தூங்கலாம். சோவியத் பட்டறைகள் தங்கள் நாட்டு மோசின் 91/30 ரைஃபிள்களையும், கைப்பற்றிய 98கே ரைஃபிள்களையும் இப்படித்தான் செய்தன: குழல் எண்ணையோ ரிசீவர் எண்ணையோ மூலமாக வைத்துக்கொண்டு போல்ட், மேகசின் அடித்தகடு, பின்தகடு (மரத்தின் தோளோரத் தகடு) எல்லாவற்றிலும் அதே எண்ணைப் புதிதாகக் குத்தினார்கள் அல்லது மின் எழுதுகோலால் கீறினார்கள். 98கே ரிசீவரில் ஓர் 'எக்ஸ்' குறியும், மரத்தில் பளபளக்கும் அரக்கும், கழுகின் காலடியில் சிதைக்கப்பட்ட ஸ்வஸ்திகாவும் சேர்ந்து இருந்தால் அது சோவியத் கிடங்கிலிருந்து வந்தது. மோசினில் குறுக்குக் கோடு போட்ட ஒரு சின்னச் சதுரம் மறுசீரமைப்பின் அடையாளம்.

*போல்ட் மட்டும் ஒத்துப்போகவில்லை.*

சரணடைந்த படைகளிடமிருந்து துப்பாக்கியை ஒரு குவியலாகவும் போல்ட்டை இன்னொரு குவியலாகவும் வாங்கி வைத்தது அந்தக் கால வழக்கம். பிறகு குவியலிலிருந்து எடுத்துப் பொருத்தினார்கள். அசல்தன்மை பாதி போனது. அதைவிடப் பெரிய பிரச்சினை பாதுகாப்பு. வேறு போல்ட் என்றால் போல்ட் முகத்துக்கும் தோட்டா அடிக்கும் இடையிலான இடைவெளி மாறியிருக்கலாம். அளவுமானி வைத்திருக்கும் துப்பாக்கிக் கம்மியர் அளந்து சொல்லாமல் அதில் தோட்டா போடக் கூடாது.

அறிகுறி: எண்கள் அளவுக்கு மீறி ஒத்துப்போகின்றன

அதிகப் பணம் போவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு. 98கேயின் வரிசை எண் நான்கு இலக்கம் வரை போகும். பத்தாயிரத்தை நெருங்கியதும் அடுத்த தொகுதிக்கு ஓர் எழுத்தைச் சேர்த்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். ஆகவே ஒரே தொழிற்சாலையில், ஒரே ஆண்டில், 4417 என்ற எண்ணோடு பல துப்பாக்கிகள் உண்டு. அவற்றைப் பிரித்துக்காட்டுவது எண்ணுக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்ன எழுத்துதான். ரிசீவரில் ஓர் எழுத்தும் குழலில் வேறோர் எழுத்தும் இருந்தால், நான்கு இலக்கமும் ஒன்றாக இருந்தும் அவை உடன்பிறப்புகள் அல்ல. சிறு பாகங்களில் இரண்டே இலக்கம் என்பதால், எந்தப் பாகத்தை எடுத்தாலும் தற்செயலாகப் பொருந்த நூற்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஒரு பெட்டி நிறையப் பழைய பாகங்களும் பொறுமையும் உள்ளவர், ஓர் எண்கூடக் குத்தாமல் "முழுப் பொருத்தம்" ஒன்றை உருவாக்கிவிடலாம். இதைப் போலி என்று சொல்லவும் முடியாது, அசல் என்று சொல்லவும் மனம் வராது.

அடுத்து, எண்ணையே குத்தியவர்கள்.

*எண்ணின் விளிம்பைப் பாருங்கள்.* எஃகில் அச்சை வைத்துச் சுத்தியால் அடித்தால் உலோகம் எங்கேயாவது போயாக வேண்டும். இலக்கத்தின் இரு கரையிலும் மெல்லிய வரப்புப் போல எழும்பும். எழுபது, எண்பது ஆண்டு கைப்பட்ட இடத்தில் அந்த வரப்பு மழுங்கிப் போயிருக்கும். நகத்தை மெதுவாக இழுத்தால் தட்டுகிறதா என்று பாருங்கள். சுற்றியுள்ள பரப்பு தேய்ந்து வெளுத்திருக்க, வரப்பு மட்டும் கூர்மையாகத் தட்டினால் எண் பரப்பைவிட இளையது.

*பள்ளத்தின் அடியைப் பாருங்கள்.* துருவைத் தடுக்கும் கருநீலப் பூச்சுக்கு முன்பு குத்திய எண்ணின் அடியிலும் பூச்சு ஓடியிருக்கும். பூச்சுக்குப் பிறகு குத்தியதில் அடி பளிச்சென்று இருக்கும். அதை மறைக்கக் கறுப்பு மெழுகோ மையோ தேய்த்திருப்பார்கள். பஞ்சுக் குச்சியில் துப்பாக்கி எண்ணெய் தொட்டு மெல்லத் துடைத்தால் பஞ்சு கறுக்கும். லேசரால் எழுதியதில் வரப்பே இராது. அடி தட்டையாக, கருகிய நிறத்தில் இருக்கும்.

*பரப்பு தாழ்ந்திருக்கிறதா?* ஸ்கேலின் விளிம்பை எண்ணின் மேல் நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால், பழைய எண்ணை அரைத்து எடுத்த குழி அது.

*இலக்கத்தின் முகஜாடை.* ஒரே தொழிற்சாலையின் 4க்கு ஒரே முகம். ரிசீவரில் தலை மூடிய 4, போல்ட்டில் தலை திறந்த 4 என்றால் குத்தியவர்கள் வேறு. அரசுப் பட்டறையில் வேறு அச்சுப் பயன்படுத்தியிருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் பட்டறைக்காரன் தன் வேலையை மறைக்க மாட்டான். பழைய எண்ணைக் கோடு போட்டு விட்டுவைப்பான். அரைத்து, நிறம் பூசி, மூலம் போலக் காட்டியிருந்தால் அது பட்டறை வேலை அல்ல.

நான் ஏமாந்ததும் இப்படித்தான். கிடைக்காதது கிடைத்துவிட்டது என்ற பரவசத்தில் ஒரு 98கேயை எடுத்து வந்தேன். வீட்டில் மேசை விளக்கடியில் போல்ட்டின் அடிவேரைப் பார்த்தேன். போல்ட் கைப்பிடி உருண்டை, எத்தனையோ உள்ளங்கைகள் பட்டு வெள்ளிக்காசு போல மின்னியது. அதிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி இருந்த எண்ணின் 7, நேற்று அடித்தது போலக் கூர்மையாக நின்றது. கையில் இருந்த காப்பி ஆறிப்போனது. விற்றவரைக் குறை சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை; உருப்பெருக்கி என் சட்டைப்பையில்தான் இருந்தது, நான்தான் எடுக்கவில்லை.

*இந்தக் கட்டத்தில் நிறுத்துங்கள்:* போல்ட் எண், தகட்டு எண் என்றால் பேச்சு விலையோடு முடியும். ரிசீவரின் மூல வரிசை எண்ணே அரைக்கப்பட்டதாகத் தோன்றினால் பேரம் பேசாமல் கீழே வைத்துவிடுங்கள். பல நாடுகளில் அப்படிப்பட்ட ஒன்றைக் கையில் வைத்திருப்பதே குற்றம். அமிலம் தடவிப் பழைய எண்ணை மீட்கும் ஆசையும் வேண்டாம். அடுத்து பேச வேண்டியது வழக்கறிஞரோடு.

அறிகுறி: முத்திரையின் வாசகம் உறுத்துகிறது

*பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டில்.* பின்கட்டை (தோளில் சாய்க்கும் மரம்) செருகும் குழிவளையத்தின் வலப்பக்கத்தில் கிரீடம், அரசரின் முதலெழுத்து, தயாரித்த இடம், ஆண்டு, ரகம் வரிசையாக இருக்கும். இந்த வரிகள் ஒன்றோடொன்று பேச வேண்டும். மூன்றாம் ரகம் வந்தது 1907இல். நட்சத்திரக் குறியிட்ட எளிமையாக்கப்பட்ட ரகம் 1916இல். விக்டோரியா ராணி இறந்தது 1901இல். கிரீடத்தின் கீழே ராணியின் 'வி.ஆர்.' எழுத்து, அதற்குக் கீழே 1916, மூன்றாம் ரகம் என்று இருந்தால் இறந்து பதினைந்து ஆண்டு கழித்து ராணி துப்பாக்கிக்கு முத்திரை குத்தியிருக்கிறார். பழைய நீள லீ ரைஃபிள்களை வெட்டிக் குட்டையாக்கிய அரசு மாற்றங்களில் பழைய ராணி முத்திரையும் பழைய ஆண்டும் இருக்கலாம். குழம்ப வேண்டாம், அவற்றில் மாற்றியமைத்த ரகத்தின் குறியும் கூடவே இருக்கும்.

'என்ஃபீல்டு' என்ற சொல்லில் ஆங்கில 'என்' எழுத்து கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பி இருக்கிறதா? திருகாணித் தலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பள்ளம் மட்டும் வெட்டியிருக்கிறதா? பாகிஸ்தானின் கைபர் கணவாய்ப் பக்கம், தர்ரா ஆதம் கேல் போன்ற ஊர்களில் அரத்தாலும் பொறுமையாலும் செய்த பிரதி அது. எழுத்துத் தெரியாத கைவினைஞர் முத்திரையை ஓவியமாகப் பார்த்து வரைந்திருக்கிறார். எனக்கு அவற்றின் மேல் தனி மரியாதை உண்டு. சுவரில் மாட்டுங்கள், சுடாதீர்கள்: எஃகு எங்கிருந்து வந்தது, எப்படிப் பதப்படுத்தியது என்று யாருக்கும் தெரியாது. இதற்குக் கம்மியரும் வேண்டாம், செலவு வீண்.

இந்தியாவின் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த லீ-என்ஃபீல்டுகளில் நாடு குடியரசான பிறகு கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது. 1955ஆம் ஆண்டுத் தேதிக்கு மேலே கிரீடம் உட்கார்ந்திருந்தால் இன்னும் உற்றுப் பாருங்கள்.

*98கேயில்.* ரிசீவர் வளையத்தின் மேல் தொழிற்சாலைக் குறியும் ஆண்டும், பக்கத்தில் கழுகும் ஆய்வு எண்ணும் (சோதித்த ராணுவ ஆய்வாளரின் எண்). ஓபர்ன்டார்ஃப் மவுசர் தொழிற்சாலையின் போர்க்காலக் குறி 'பி.ஒய்.எஃப்.', அங்கே ஆய்வு எண் தொடக்கத்தில் 63, பிறகு 655, 1941க்குப் பின் 135. 'பி.ஒய்.எஃப். 44' என்ற ரிசீவரில் பளபளவென்று 63 இருந்தால் யாரோ பட்டியலைப் பாதிதான் படித்திருக்கிறார். சிறு பாகங்களில் வேறு ஆய்வு எண் இருப்பது தவறில்லை, அவை வெளி ஒப்பந்தத்தில் வந்தவை.

*எஸ்.எஸ். மின்னல் குறியும் மண்டையோடும்.* மரக்கட்டையில் ஓர் அச்சை அடிக்க அரை நிமிடம் போதும். விலையோ பலமடங்கு ஏறும். உங்களுக்கு வேறு எதுவுமே சொல்லப்படாவிட்டால், போலி என்றே வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள். அசல் என்று நிரூபிப்பது விற்பவர் வேலை, அதுவும் இந்த ஒரு துறையையே பார்க்கும் ஒருவர் கையில் கொடுத்து.

அறிகுறி: உலோகம் வயதுக்கு மீறிப் புதிதாக இருக்கிறது

லீ-என்ஃபீல்டின் 'நான்காம் எண்' என்ற மாடலில் கறுப்பு வண்ணம் தடித்துப் படிந்திருந்தால், இடப்பக்கத்தில் 'எஃப்.டி.ஆர்.' என்ற எழுத்தும் ஓர் ஆண்டும் இருக்கிறதா பாருங்கள். முழுப் பழுதுபார்ப்புக்குப் போய் வந்த சான்று அது. பிரிட்டிஷ் பட்டறைகளில் அந்தக் கறுப்பை அடித்தார்கள். அசல் வரலாறு, பதறாதீர்கள்.

அப்படி எந்தப் பட்டறைக் குறியும் இல்லாமல் மின்னினால், மூன்று இடங்களைப் பாருங்கள். கூர் இருக்க வேண்டிய விளிம்புகள் சோப்புக்கட்டி போல உருண்டிருக்கின்றனவா? முத்திரை எழுத்துகள் கரைந்து, திருகாணித் துளைகளின் ஓரம் கிண்ணம் போலக் குழிந்திருக்கின்றனவா? துருப் புள்ளிகளின் உள்ளேயும் கருநீலம் ஓடியிருக்கிறதா? முதல் இரண்டும் மெருகுச் சக்கரத்தின் வேலை. மூன்றாவது, துரு வந்த பிறகே பூச்சு வந்தது என்பதற்கான சான்று. மூன்றும் இருந்தால் தனிநபர் செய்த மறுபூச்சு. அதைத் திருப்ப வழி இல்லை, எந்த நிபுணரும் திருப்பித் தர மாட்டார்.

குழலின் வாய்ப்பக்கத்தில் மட்டும் ஒரு பகுதி தேய்த்துப் பூசியிருந்தால் அதற்குத் தனிக் காரணம் உண்டு. 1968இல் வந்த அமெரிக்கச் சட்டத்துக்குப் பிறகு அங்கே இறக்குமதியானவற்றில் இறக்குமதியாளரின் குறி இருக்க வேண்டும். "தாத்தா போரிலிருந்து கொண்டுவந்தது" என்ற கதைக்கு அந்தக் குறி எதிரி. ஆகவே சிலர் அதை அழிக்கிறார்கள். குறி இருந்தால் கதை பொய். அழித்த தடம் இருந்தால் கதையோடு துப்பாக்கியும் சந்தேகம்.

அறிகுறி: மரம் உலோகத்தோடு ஒட்டவில்லை

பின்தகட்டின் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டுங்கள். தொழிற்சாலையில் மரம் உலோகத்தைவிட மயிரிழை உயரமாக விடப்படும். கைபட்ட மரத்தில்கூட அந்த மேடு தெரியும். உலோகம் மேலே நின்று மரம் தாழ்ந்திருந்தால் மணல்தாள் போட்டுவிட்டார்கள். மணல்தாள் பட்ட மரத்தில் முத்திரை மட்டும் கூர்மையாக நின்றால், முத்திரை மணல்தாளுக்குப் பிறகு வந்தது. கேரண்டில் இது அன்றாடக் காட்சி. அங்கே பின்கட்டையின் இடப்பக்கத்தில் படைக்கலச்சாலைத் தலைவரின் முதலெழுத்துகள் இருக்கும்; 'ஜி.எச்.எஸ்.' என்பது 1942 வரை. 1944ஆம் ஆண்டு ரிசீவரின் கீழே அதைக் கண்டால், கட்டை வேறு துப்பாக்கியிலிருந்து வந்தது, அல்லது அச்சு கடையிலிருந்து வந்தது.

பின்தகட்டைக் கழற்றினால் வெளிச்சமும் கையும் படாத மரம் தெரியும். வெளியே கறுத்தும் உள்ளே வெளிறியும் இருப்பது இயல்பு. உள்ளும் புறமும் ஒரே காப்பி நிறம் என்றால் சாயத்தில் முக்கி எடுத்திருக்கிறார்கள். ஸ்விஸ் கே31 என்றால் பின்தகட்டின் அடியில் அதை வைத்திருந்த சிப்பாயின் பெயர்ச்சீட்டு மடித்து வைக்கப்பட்டிருக்கலாம். இருந்தால் அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள். புற ஊதா வெளிச்சத்தில் பழைய அரக்கு ஆரஞ்சாக ஒளிரும். புதுப் பசை நீலவெண்மையாகக் கண்ணைப் பறிக்கும். விரிசல் ஒட்டிய இடங்கள் தாமாகவே காட்டிக்கொடுக்கும்.

குழலையும் மரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் முன்பட்டையின் அடியில் மரம் இரண்டாக வெட்டி ஒட்டப்பட்டிருந்தால் முகம் சுளிக்காதீர்கள். அமெரிக்கச் சிப்பாய்கள் தங்கள் பயணப் பைக்குள் அடக்குவதற்காகக் கட்டையை அந்த இடத்தில் அறுத்தார்கள். மதிப்பைக் குறைக்கும்தான், ஆனால் போரிலிருந்து நேராக வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சியை நான் அதிகம் பார்த்ததில்லை.

அறிகுறி: "ஸ்னைப்பர்" என்று சொல்கிறார்கள், தொலைநோக்கி ஆடுகிறது

சாதாரணத் துப்பாக்கியில் நான்கு துளை போட்டால் ஸ்னைப்பர் (தொலைநோக்கி பூட்டிய குறிசுடும் துப்பாக்கி) பிறந்துவிடும். ஆகவே துளையை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்.

*லீ-என்ஃபீல்டு நான்காம் எண் (டி) மாடல்.* இதில் எண்கள் குறுக்கே பேசிக்கொள்ளும்: தொலைநோக்கியைத் தாங்கும் சட்டத்தில் ரைஃபிளின் எண், பின்கட்டையின் மணிக்கட்டில் (கை பிடிக்கும் ஒடுங்கிய இடத்தில்) தொலைநோக்கியின் எண். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் பட்டறை மாற்றியவற்றில் பின்கட்டையின் அடிப்பக்கம் 'எஸ்51' குறி இருக்கும். ரிசீவரின் இடப்பக்கச் சுவரில் 'டி'. தொலைநோக்கி தொலைந்து வேறு ஒன்று வந்திருந்தால் அது பாதி நல்ல செய்தி: மணிக்கட்டு எண் பழையதாக இருந்தால் உடல் அசல். மணிக்கட்டு வெறுமையாக இருந்தால் கட்டை மாற்றப்பட்டது. மூன்றுமே இல்லையென்றால் துளை போட்டவரைத் தேடுங்கள்.

*மோசின், பி.யு. தொலைநோக்கியோடு.* தொலைநோக்கியின் எண் குழலின் இடப்பக்கத் தொடக்கத்தில் குத்தப்பட்டிருக்கும். போருக்குப் பிறகு ஏராளமானவற்றின் தொலைநோக்கியை எடுத்துவிட்டு, துளைகளைத் திருகாணி போட்டு அடைத்துச் சாதாரணத் துப்பாக்கியாகத் திருப்பி அனுப்பினார்கள். அடைத்த துளையும் அடித்த எண்ணும் இருந்தால் அது உண்மையான பழைய ஸ்னைப்பர். புதுத் தாங்கி பூட்டி, குழலில் எண்ணே இல்லாமல் வந்தால் அது நேற்றைய ஸ்னைப்பர்.

*98கே, இசட்.எஃப்.41 தொலைநோக்கியோடு.* பின் குறிபார்ப்பானின் அடிமேடையில் இடப்பக்கத்தில் ஒரு தண்டவாளம் கடைந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும். அது மேடையோடு ஒரே உலோகமாக இருக்கும். ஒட்டவைத்தது, பற்றவைத்தது என்றால் கீழே வையுங்கள்.

கேட்கும் விலை சாதாரணத் துப்பாக்கியின் விலையைவிடப் பலமடங்கு என்றால் நீங்களே தீர்மானிக்காதீர்கள். அந்த ஒரே ரகத்தைச் சேகரிக்கும் ஒருவர் நேரில் பிரித்துப் பார்க்கும் வரை முன்பணம்கூட வேண்டாம்.

அறிகுறி: குட்டையாக, கூம்பு வாயோடு இருக்கிறது

ஐந்தாம் எண் லீ-என்ஃபீல்டு, சேகரிப்பாளர் வாயில் 'ஜங்கிள் கார்பைன்', 1944இலிருந்து 1947 வரை செய்யப்பட்டது. சாதாரண நான்காம் எண்ணை அறுத்து, கூம்பு வாயை மாட்டி விற்றவை அதைவிடத் தாராளமாகச் சுற்றுகின்றன. மேல்மரத்தைக் கழற்றுங்கள். எடையைக் குறைப்பதற்காகக் குழலின் அடிப்பகுதியிலும் ரிசீவரிலும் உலோகம் வழித்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும். வாயை மட்டும் மாற்றி உள்ளே பருமனாக விட்டிருந்தால் ஆள்மாறாட்டம். இஷாப்பூரின் 7.62 ரகமான 2ஏ1ஐ வெட்டியவையும் உண்டு. பெட்டி போன்ற கோண மேகசினைக் கண்டாலே புரிந்துவிடும், அது பழைய முதலாம் எண் உடலில் பிறந்தது, ஐந்தாம் எண் ஆகவே முடியாது.

அறிகுறி: அரிசாகாவில் பூ இல்லை, அல்லது பூ அதிக அழகு

ஜப்பானிய ரைஃபிளின் ரிசீவரில் பதினாறு இதழ் சாமந்தி, பேரரசரின் முத்திரை. சரணடைந்தபோது பெரும்பாலும் அதை அரைத்து நீக்கியே ஒப்படைத்தார்கள். ஆகவே அரைபட்ட பூ குறை அல்ல, அதுவும் வரலாறு. ஓரத்தில் சிறு வட்டங்கள் குத்தி ரத்து செய்திருந்தால், படையிலிருந்து விடுவித்துப் பள்ளிப் பயிற்சிக்கோ வேறு பயனுக்கோ கொடுக்கப்பட்டது.

முழுப் பூ விலை கூடியது என்பதால் அரைத்த இடத்தில் புதிதாகப் பூ செதுக்குகிறார்கள். ஸ்கேல் சோதனையை இங்கே செய்யுங்கள்: பூ ஒரு குழியின் நடுவில் பூத்திருந்தால் மறுபிறவி.

குழலுக்குள் டார்ச் அடியுங்கள். சுழல்வரிகளே இல்லாமல் வழவழவென்று இருந்தால் பயிற்சித் துப்பாக்கி. வெற்றுத் தோட்டாவுக்காகச் செய்த மென்மையான உலோகம். உயிர்த் தோட்டா போட்டால் முகத்தில் வெடிக்கும்.

அறிகுறி: ரிசீவரின் நடுவில் நிறம் மாறுகிறது

கேரண்டில் இதைக் கண்டால் மரத்திலிருந்து பிரித்துப் பாருங்கள். பழைய இரும்பாக விற்பதற்காக அறுக்கப்பட்ட ரிசீவர்களின் முன்பாதியையும் வேறொன்றின் பின்பாதியையும் பற்றவைத்து மறுபடி உயிர் கொடுத்திருக்கிறார்கள். உட்பக்கத் தண்டவாளத்தில் பற்றவைப்பின் தழும்பு, சற்றே மாறிய நீளம், எங்கோ இடிக்கும் போல்ட் ஓட்டம் இவையே அடையாளம். வெப்பத்தில் எஃகின் பதம் போயிருக்கும். நேராகக் கம்மியரிடம்.

எந்தத் தழும்பும் இல்லாமலே ஆபத்தானவையும் உண்டு. ஸ்பிரிங்ஃபீல்டு 1903இல், ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலச்சாலையில் 8,00,000க்குக் கீழும் ராக் ஐலண்டில் 2,85,507க்குக் கீழும் எண் கொண்ட ரிசீவர்கள் பதப்படுத்தலில் குறைபாடு கொண்டவை, உடைந்த வரலாறு உண்டு. அசல்தன்மைக்கு முழு மதிப்பெண், சுடுவதற்குப் பூஜ்யம்.

அறிகுறி: காகிதம் மட்டும் பிரமாதமாக இருக்கிறது

1945ஆம் ஆண்டு கைப்பற்றல் சான்றிதழ் என்று நீட்டினால் புற ஊதா டார்ச்சை அடியுங்கள். காகிதத்துக்கு வெண்மை ஏற்றும் ஒளிர் இரசாயனம் 1950களில்தான் பரவலானது. சான்றிதழ் புதுச் சட்டை போல நீலமாக ஒளிர்ந்தால் அது போரைப் பார்த்ததில்லை. ஒளிரவில்லை என்றால் காகிதம் பழையதாக இருக்கலாம் என்று மட்டுமே பொருள். எழுத்து எப்போது வந்தது என்பது வேறு கேள்வி. சான்றிதழில் வரிசை எண் எழுதியிருந்து, அது ரிசீவரோடு எழுத்து வரை ஒத்துப்போனால் மட்டுமே அதைத் துப்பாக்கியோடு சேர்த்து எண்ணுங்கள். "ஜெர்மன் ரைஃபிள் ஒன்று" என்று பொத்தாம்பொதுவாக எழுதிய காகிதம் எந்தத் துப்பாக்கியோடும் குடித்தனம் நடத்தும்.

வெளியாளிடம் கேட்கும்போது

ஒரு தொலைவுப் படத்தை அனுப்பி "அசலா?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. ரிசீவர் வளையம் மேலிருந்து, இடமிருந்து, வலமிருந்து, எழுத்தோடு சேர்த்து வரிசை எண், போல்ட் எண், குழல் எண், எண் உள்ள ஒவ்வொரு சிறு பாகமும், கட்டை முத்திரைகள், பின்தகடு கழற்றிய நிலையில் மரம். ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள்; நேர் வெளிச்சம் வரப்பையும் குழியையும் விழுங்கிவிடும். எடுக்கும் முன் துடைக்காதீர்கள். அந்த அழுக்கையும் பார்க்க வேண்டும்.